எண்பதைத் தாண்டிக் குதித்தவர்

எங்கள் ஊர் லஸ்கர் தமக்கு வயது அறுபத்தாறு என்று உறுதிபடக் கூறிய நாளில், அவருடைய மூத்த மகனுக்கு ஐம்பத்திரண்டு நிறைந்திருந்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தாங்கள் பதினான்காம் வயதில் தகப்பனார் ஆகியிருக்க வேண்டுமே என்று நான் பணிவுடன் சுட்டிக்காட்டினேன். அவர் சற்றும் கலங்கவில்லை.

"அவன் பொறக்கறப்ப எனக்கு இருபத்தேழு நடந்துச்சு தம்பி. அப்புறம் அவன் ஓடிட்டான், நான் அங்கங்க நின்னுட்டேன்" என்றார்.

வாய்க்கால் தலைப்பில் இருக்கும் மதகின் பலகைகளை ஏற்றியும் இறக்கியும், அளவுக்கல்லில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறதென்று பார்த்துக் குறித்தும் வருகிற அரசு ஊழியருக்கு எங்கள் பக்கத்தில் லஸ்கர் என்று பெயர். முப்பத்தைந்து ஆண்டுகள் அவ்வேலையைப் பார்த்ததில் அந்தச் சொல் அவருடைய சொந்தப் பெயரை விழுங்கிவிட்டது. ஆகையால் நானும் அவரை அவ்வாறே குறிப்பிடுகிறேன். நெடிய உருவம். முழங்காலுக்குக் கீழே சேற்றுப்புண்ணின் பழைய தழும்புகள். சட்டைப்பையில் எந்நேரமும் ஒரு பென்சில். பேனாவை அவர் நம்பியதில்லை. மை தண்ணீரில் கரையும், பென்சில் கரையாது என்பது அவர் கட்சி.

எங்கள் ஊர் கீழ்வேளூருக்குக் கிழக்கே, கடைமடையில் இருக்கிறது. மேட்டூரில் திறக்கப்படும் தண்ணீர் மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு வழியில் உள்ள ஊர்களெல்லாம் குடித்து மிச்சம் வைத்தால் எங்களை எட்டும். சில ஆண்டுகளில் ஆனியில் வரும். சில ஆண்டுகளில் ஆவணி வரை காக்க வைக்கும். சில ஆண்டுகளில் வரவே வராது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. லஸ்கருடைய வயதைப் புரிந்துகொள்வதற்கு இந்த விவரம் தேவைப்படுகிறது.

அவருடைய தாயாருக்கு நாள், கிழமை, நட்சத்திரம் எதுவும் தெரியாது. வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்த அன்று மகன் பிறந்தான் என்பது மட்டுமே அந்த அம்மாளுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் தலைமுறையில் இது புதிதன்று. எங்களில் ஒருவன் வெள்ளத்தில் பிறந்தான், ஒருவன் தேரோட்டத்தன்று பிறந்தான், ஒருவன் பசு கன்று போட்ட மறுநாள் பிறந்தான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியர் எங்கள் தலையைச் சுற்றிக் கையை விட்டுக் காதைத் தொடச் சொன்னார். தொட்டவர்கள் அனைவருக்கும் ஜூன் மாதம் முதல் தேதியைப் பிறந்தநாளாக எழுதினார். என் வகுப்பில் இருபத்தொன்பது பேர் ஒரே நாளில் பிறந்திருக்கிறோம். ஊரில் அன்றைக்குப் பிரசவம் பார்த்தவள் என்ன பாடுபட்டிருப்பாளோ தெரியவில்லை.

நாங்கள் அந்தத் தேதியை மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டோம். இப்போது ஆண்டுதோறும் அத்தேதியின் காலையில் வங்கியிலிருந்து என் கைபேசிக்கு வாழ்த்து வருகிறது. மாலையில் பேத்தி கேக்கில் மெழுகுவத்தி ஏற்றி, ஊதி அணையுங்கள் தாத்தா என்கிறாள். விளக்கை வாயால் ஊதாதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். இருந்தாலும் ஊதுகிறேன். எழுபதைக் கடந்தவனுடைய பிறந்தநாள் என்பது, அவனைத் தவிர வீட்டில் அனைவரும் மகிழ்ச்சியாக இருக்கும் நாள். எனக்கு அந்த நாளில் தோன்றுவதெல்லாம், இது என்னுடையது இல்லையே, இருபத்தொன்பது பேருக்குப் பொதுவாயிற்றே என்பதுதான்.

லஸ்கர் மட்டும் அந்தத் தேதியை ஏற்கவில்லை. "அது வாத்தியாரு பொறந்தநாளு. அவரு வச்சுக்கட்டும்" என்பார். தண்ணீர் எங்கள் ஊர் எல்லைக்கு வந்து சேரும் நாள்தான் அவருக்குப் பிறந்தநாள். வந்தால் ஒரு வயது கூடும். வராத ஆண்டில் கூடாது. ஒருமுறை மேலிடத்திலிருந்து வந்த அதிகாரி ஒருவர், தண்ணீர் கடைமடை வரை சேர்ந்துவிட்டதென்று ஏட்டில் எழுதும்படி அவரிடம் சொல்லியிருக்கிறார். இவர் பென்சிலை நீட்டி, "நீங்க எழுதுங்க சார். எனக்கு அது வந்தா ஒரு வயசு கூடிப்போவும்" என்றாராம். அதிகாரி அதன் பொருளை விசாரிக்காமலேயே ஜீப்பில் ஏறிவிட்டார்.

தண்ணீர் வரும் அன்று அவர் கொண்டாடும் முறை தனியானது. புதுத்தண்ணீர் தெளிவாக வராது. சருகையும் நுரையையும் செத்த நண்டையும் பாம்புச் சட்டையையும் தள்ளிக்கொண்டு, ஆள் நடக்கும் வேகத்தில் வரும். அவர் காய்ந்த வாய்க்காலுக்குள் இறங்கி, அதன் முகத்தைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்து ஊருக்குள் அழைத்து வருவார். தண்ணீர் கணுக்காலைத் தொட்டதும் தலையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் பாயசம் கேட்பார். எந்த நாள் கேட்பார் என்பது அவர் மனைவியாருக்குத் தெரியாது. எனவே ஆனியில் வாங்கிய வெல்லத்தை ஆவணி வரை எறும்பிடமிருந்து காப்பாற்றுவது அந்த அம்மாளின் பொறுப்பாக இருந்தது. தண்ணீர் வராத ஆண்டில் பாயசமும் இல்லை. வெல்லம் கருவாட்டுக் குழம்பில் போய்ச் சேரும்.

நான் அடுத்த வீட்டுக்காரன் என்பதால் அவரை அண்ணன் என்றும் அவர் மனைவியாரை அண்ணி என்றும் அழைத்துப் பழகியவன். அண்ணி அவரைவிட ஆறு வயது இளையவர் என்றுதான் பெண் பார்க்கும்போது பேச்சு. மூன்று நான்கு வறட்சிகளுக்குப் பின் அந்த இடைவெளி குறைந்து, ஒரு கட்டத்தில் இருவரும் ஒரே வயதினர் ஆனார்கள். அதன்பின் அண்ணி முன்னே போய்விட்டார். "உங்க அண்ணன் எனக்குத் தம்பி முறை ஆயிட்டாரு. நீங்க இனிமே என்னைய அண்ணின்னு கூப்புடலாமான்னு யோசிச்சுக்குங்க" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார்.

அவர் பணியிலிருந்து ஓய்வுபெற்ற விதமும் குறிப்பிடத்தக்கது. அரசாங்க ஏட்டின்படி வயது முடிந்து மாலை போட்டு அனுப்பிவைத்தார்கள். மறுநாள் காலையில் வழக்கம்போல் மதகுக்குப் போய்விட்டார். புதிதாக வேலைக்கு வந்திருந்தவர் திகைத்து, "ஐயா, உங்களுக்குத்தான் ரிட்டையர்டு ஆயிடுச்சே" என்றார். "அது கவர்மெண்டு வயசு. என் வயசுக்கு இன்னும் ஏழு தண்ணி பாக்கி இருக்கு" என்று பதில் வந்தது. ஓய்வூதியத்தை வாங்கிக்கொண்டு, சம்பளம் வாங்காமல், அந்த ஏழு தண்ணீரையும் அவர் வேலை பார்த்தே கழித்தார். அதற்கு ஒன்பது ஆண்டுகள் பிடித்தன.

இவற்றையெல்லாம் விடப் பெரிய சங்கடம் அவருடைய தம்பிக்கு நேர்ந்தது. அவர் திருப்பனந்தாளில் வீடு கட்டிக் குடியேறியவர். மேலேயுள்ள ஊரல்லவா, அங்கே தண்ணீருக்குத் தட்டுப்பாடு குறைவு. தவிர அவர் ஆசிரியர் கொடுத்த தேதியை மதித்து நடப்பவர். ஆண்டு தவறாமல் வயது ஏறி, ஒருநாள் அண்ணனைக் கடந்துவிட்டார். அந்தப் பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது லஸ்கர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

"வாங்கண்ணே. உக்காருங்க."

தம்பி திரும்பிப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். ஒருவருமில்லை.

"அண்ணே, என்னண்ணே இது. நீங்க உக்காருங்கண்ணே."

"வயசுல பெரியவரு நிக்கறப்ப நான் எப்படிண்ணே உக்கார்றது?"

"நான் உங்க தம்பிண்ணே."

"தம்பியா இருந்தீங்கண்ணே. போன வருசம் வரைக்கும் இருந்தீங்க."

இருவரும் ஒருவரையொருவர் அண்ணனென்று அழைத்தபடி கால்மணி நேரம் நின்றார்கள். அந்த ஒற்றை நாற்காலியில் கடைசியில் நான் உட்கார்ந்தேன்.

அவருக்கு அரசாங்க முறைப்படி அறுபது நிறைந்தபோதுதான் அண்ணியின் விருப்பம் முதன்முதலாக வெளிப்பட்டது. எங்கள் பக்கத்தில் கணவனுக்கு அறுபது ஆனால் மீண்டும் ஒருமுறை தாலி கட்டுவார்கள். வசதியுள்ளவர்கள் திருக்கடையூருக்குப் போவார்கள். இல்லாதவர்கள் வாசலில் பந்தல் போடுவார்கள். அண்ணிக்கு அது வேண்டியிருந்தது. காரணத்தை என்னிடம் சொன்னார்.

"முதக் கல்யாணத்துல தலையக் குனிஞ்சவ நிமுரவே இல்ல தம்பி. பக்கத்துல நின்ன பெரியம்மா பிடரியில கைய வச்சு அமுக்கிக்கிட்டே இருந்துச்சு. நான் பாத்ததெல்லாம் ஒரு கோலமும், உங்க அண்ணன் கால் கட்டைவிரலுந்தான். யாரு வந்தாங்க, யாரு வரலை, எதுவும் தெரியாது. அம்மா அழுதுச்சாம். அதக்கூட ஊரு சொல்லித்தான் தெரியும். ஒருதரம் நிமுந்து நின்னு எல்லாத்தையும் பாக்கணும்."

நியாயமான ஆசை. ஆனால் அந்த ஆண்டும் அதற்கு முந்தைய ஆண்டும் தண்ணீர் வரவில்லை. லஸ்கர் தமக்கு ஐம்பத்தொன்று என்றார். அக்கினி முன்னால் பொய் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார்.

அப்போது திருப்பனந்தாள் தம்பியும் நானும் சேர்ந்து ஒரு சதி செய்தோம். ஒத்துக்கொள்ள வெட்கமாக இருக்கிறது, ஆயினும் செய்தோம். ஒரு தண்ணீரால் அறுபது வந்துவிடாது என்பது தெரியும், ஆனால் தண்ணீர் வந்த மகிழ்ச்சியில் அவர் மனம் இளகி ஒத்துக்கொள்வார் என்று நம்பினோம். வாய்க்கால் ஓரத்துக் கொல்லையில் ஆழ்குழாய் வைத்திருந்தவரிடம் பேசி, விடியற்காலையிலிருந்து மோட்டாரை ஓடவிட்டுத் தண்ணீரை வாய்க்காலில் பாய்ச்சினோம். நம்பும்படியாக இருக்க வேண்டுமென்று தம்பி ஒரு சாக்குச் சருகைக் கொண்டுவந்து அதன் முன்னால் கொட்டினார். சோப்புத் தூள் கரைத்து நுரையும் உண்டாக்கினார். பிறகு நான் ஓடிப்போய், அண்ணே தண்ணி வந்துடுச்சு என்றேன்.

லஸ்கர் வந்தார். இறங்கினார். வழக்கம்போல் பின்னோக்கி நடப்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் குனிந்து ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தார். எங்கள் ஊர் நிலத்தடித் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதை நாங்கள் இருவரும் யோசிக்கவில்லை.

"இது தரைக்குள்ளேருந்து வந்தது. நான் இதுல பொறக்கலை" என்றார். பிறகு நுரையைக் கையில் எடுத்து மோந்து பார்த்துவிட்டுத் தம்பியிடம், "அண்ணே, வேட்டி தொவைக்கப் போறீங்களா?" என்று கேட்டார்.

அறுபதாம் கல்யாணம் நடக்கவில்லை. எழுபதில் நடக்கும் சாந்தியும் அவ்வாறே போயிற்று. அப்போது அவர் கணக்கில் ஐம்பத்தெட்டு.  அண்ணி இரண்டு முறையும் வெல்லத்தை எறும்புக்கே விட்டுவிட்டார்.

எண்பது நெருங்கிய ஆண்டில் நிலைமை வேறாகியது. அண்ணிக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. தஞ்சாவூரில் கண் மருத்துவரிடம் நானும் கூடப் போயிருந்தேன். பார்வை நரம்பு காய்ந்து வருகிறது, ஓரங்கள் போய்விட்டன, நடுவில் உள்ளதுதான் மிச்சம், போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்தால் சில காலம் நிறுத்தி வைக்கலாம் என்றார் மருத்துவர். பேருந்தில் திரும்பும்போது அண்ணி என்னைப் பார்ப்பதற்காக முகத்தை முழுவதும் திருப்பினார். "குழாய் வழியாப் பாக்கற மாதிரி இருக்கு தம்பி. நீங்க மட்டும் தெரியறீங்க. பக்கத்துல ஆளு இருக்கா?" என்று கேட்டார். அருகில் நான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

செய்தி கேட்டு மூத்த மகன் சிங்கப்பூரிலிருந்து மூன்று வார விடுப்பில் வந்தான். அம்மாவுக்குப் பார்வை இருக்கும்போதே எண்பதாம் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்பது அவன் தீர்மானம். அப்பாவைக் கேட்டால் மறுப்பார் என்பதால் கேட்கவில்லை. சமையலுக்கு ஆள் பேசினான், நாதசுரத்துக்குச் சொன்னான், பேருந்து நிற்கும் இடத்தில் பெரிய ஃபிளெக்ஸ் ஒன்றையும் கட்டினான். அதில் லஸ்கரும் அண்ணியும் கழுத்தளவு ரோஜாப்பூவுக்குள் நின்றார்கள். 'எண்பதாம் அகவையில் அடியெடுத்து வைக்கும் எங்கள் அன்புத் தெய்வங்கள்' என்று எழுதி, நடுவே 80 என்னும் எண் தங்க நிறத்தில் மின்னியது.

மறுநாள் காலையில் லஸ்கர் ஏணியைச் சாத்தி ஏறினார். மதகுப் பலகைக்குப் பூசுகிற தாரைக் கொண்டு எண்பதை அழித்து, பக்கத்தில் அறுபத்தாறு என்று எழுதினார். அகவை என்ற சொல்லைத் தொடவில்லை. தமிழ் சரியாகத்தான் இருக்கிறது என்றார்.

மகன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "அப்பா, அம்மாவுக்குக் கண்ணு போயிட்டு இருக்குப்பா."

"தெரியும்ப்பா."

"அப்பறம் என்னப்பா? ஒரே ஒரு நாளு எண்பதுன்னு ஒத்துக்கிட்டா என்ன? மறுநாளே திரும்ப அறுபத்தாறு ஆயிக்குங்க. யாரு கேக்கப்போறா?"

 லஸ்கரின் கண் கலங்கியிருந்ததை நான் கண்டேன். "வராத தண்ணிக்கு நான் கையெழுத்துப் போட்டதில்லைடா. பதினாலு தண்ணி வரலை. அந்தப் பதினாலு வருசம் இந்த ஊருல எத்தனை பேரு பயிரக் காயவிட்டுட்டு நின்னாங்கன்னு உனக்குத் தெரியாது. நான் எண்பதுன்னா, அதெல்லாம் வந்ததுன்னு ஆயிடும்" என்றார்.

பிடிவாதம் என்று நாங்கள் நினைத்திருந்ததற்கு உள்ளே இப்படி ஒன்று இருப்பதை அன்றுதான் அறிந்தேன். ஆயினும் அண்ணியின் கண் அதற்காகக் காத்திருக்கப் போவதில்லை.

அண்ணி உள்ளிருந்து வந்தார். சுவரைத் தடவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"நான் ஒண்ணு கேக்கறேன். அடைச்சு அடைச்சு முறை வச்சுத் தண்ணி விட்டாங்களே, அந்த வருசங்கள்ல வாய்க்கா காஞ்சு வெடிச்சு, மீனெல்லாம் செத்து, அப்புறம் மறுபடியும் தண்ணி வந்துச்சே. அது பழைய தண்ணியா, புதுத்தண்ணியா?"

லஸ்கரின் முகம் மாறியது. மதகில் நிற்பவர் பலகைக்குக் கீழே ஒழுக்கைக் கண்டதுபோல் பார்த்தார்.

"காஞ்சு வெடிச்சப்புறம் வந்தா அது புதுத்தண்ணிதான்" என்று மெல்லச் சொன்னார்.

"அதுக்கெல்லாம் வயசு போட்டீங்களா?"

போடவில்லை. அது விடுபட்டிருக்கிறது. விடுபட்டதை விடுபட்டதென்று அறிந்த பின் அவரால் உண்ண முடியவில்லை. பரணிலிருந்து பழைய அளவு நோட்டுகளை இறக்கினார். அனைத்தும் பென்சிலில் எழுதியவை. நான்கு நாள்கள் உட்கார்ந்து எண்ணினார். சில ஆண்டுகளில் மூன்று முறை, சில ஆண்டுகளில் ஐந்து முறை. வீட்டில் அனைவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். மகன் அவ்வப்போது எட்டிப் பார்த்து, எழுபத்திரண்டு வந்திருக்கு சித்தப்பா, எழுபத்தொன்பது வந்திருக்கு சித்தப்பா என்று என்னிடம் ஓடிவந்து சொன்னான். எண்பது வந்ததும் போதுமப்பா நிறுத்திக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினான். இன்னும் மூன்று நோட்டு பாக்கி என்று பதில் வந்தது.

நான்காம் நாள் மாலையில் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்தார். தமக்கு வயது நூற்றுப்பன்னிரண்டு என்று அறிவித்தார்.

"அப்ப எண்பது?" என்று மகன் கேட்டான்.

"அது நீ ஸ்கூலு படிக்கிறப்பவே போயிடுச்சு. ஒரே பசலி வருசத்துல நாலு தண்ணி வந்துச்சு பாரு, அதுல எழுபத்தெட்டுலேருந்து எண்பத்திரண்டுக்குத் தாவியிருக்கேன். எண்பது எந்த நாளுன்னு பாத்தா, அன்னிக்கு எனக்குக் காய்ச்சல், படுத்திருந்தேன்" என்றார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

மறுபடியும் ஏணி, மறுபடியும் தார். ஃபிளெக்ஸில் இப்போது 112 என்று இருந்தது. தார் வழிந்து படத்தில் அவருடைய மீசையின் ஒரு பக்கத்தை மூடிவிட்டது. அந்த எண்ணைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் பேருந்திலிருந்து இறங்கி வந்து காலில் விழுந்து ஆசி வாங்கிப் போனார்கள். கைபேசியில் படம்பிடித்துச் சேனல் நடத்தும் ஒருவர் மயிலாடுதுறையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து, இவ்வளவு நீண்ட ஆயுளின் ரகசியம் என்ன, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்.

"சாப்பாட்டுல ஒண்ணுமில்லீங்க. முறை வச்சு விடணும். பத்து நாளு விட்டு, பத்து நாளு அடைக்கணும். அப்பதான் வயசு சீக்கிரம் ஏறும்" என்று லஸ்கர் விளக்கினார். வந்தவர் அதை வயிறு சம்பந்தமான மருத்துவக் குறிப்பு என்று எடுத்துக்கொண்டு நன்றி கூறிச் சென்றார்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் சடங்கை நடத்தித் தரவேண்டிய சாஸ்திரிகள் வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு விரல் விட்டு எண்ணினார். "அறுபதுக்கு இருக்கு, எழுபதுக்கு இருக்கு, எண்பதுக்கு இருக்கு, நூறுக்கும் இருக்கு. நூத்திப்பன்னெண்டுக்கு ஒண்ணும் சொல்லலை. அதுவரைக்கும் யாரும் இருப்பான்னு பெரியவா நெனச்சிருக்க மாட்டா. அறுபத்தாறுன்னாலும் ஒண்ணும் கெடையாது" என்றார்.

மகன் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டான். பந்தல்காரர் கழி நடலாமா வேண்டாமா என்று வாசலில் நின்றபடி இருமினார். லஸ்கர் தலைகுனிந்து நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாக மெல்ல அடுக்கினார். மனைவிக்குச் செய்ய முடியாததை அவர் அறிந்துதான் இருந்தார்.

அண்ணி கேட்டார்: "சாமி, எப்பவும் ஆம்பளைக்கு ஆவற வயசுக்குத்தானா கல்யாணம்? பொண்டாட்டிக்கு வயசே ஆவறதில்லையா?"

"வழக்கம் அப்படித்தானேம்மா."

"கட்டப்போற கழுத்து என்னோடதுதானே சாமி."

சாஸ்திரிகள் யோசித்தார். "கூடாதுன்னு எங்கயும் எழுதியிருக்கறதா ஞாபகம் இல்லை" என்றார்.

"அப்ப எனக்கு எண்பது" என்றார் அண்ணி.

லஸ்கர் நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு எழுபத்துநாலுன்னு பேசினாங்களே."

"பேசினாங்க. யாரு பாத்தாங்க? நான் நாலாவது பொண்ணு. எங்க வீட்டுல என்னையத் தண்ணி வந்த அன்னிக்குப் பெத்தாங்களா, காஞ்ச அன்னிக்குப் பெத்தாங்களான்னு யாரும் சொல்லவும் இல்ல, நானும் கேக்கலை. அம்பத்துநாலு வருசமா உங்க பொறந்தநாளுக்கு வெல்லம் வாங்கி வைக்கிறேன். என்னோடது எதுன்னு நீங்க ஒருநாளாச்சும் கேட்டிருக்கீங்களா?"

அந்தக் கூடத்தில் இருந்த அனைவருக்கும் அது உறைத்தது. எனக்கும் உறைத்தது. நாற்பது ஆண்டு அடுத்த வீட்டில் இருந்து, ஒருவருடைய வயதைப் பற்றி இத்தனை விவாதம் செய்திருக்கிறேன். இன்னொருவருக்கு வயது உண்டு என்பதே என் நினைவில் இல்லை.

 லஸ்கர் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"ஏட்டுல அளவு எழுதாம வெறுமையா இருந்தா, நேர்ல நின்னவன் சொல்றதைத்தான் எடுத்துக்கணும். அதான் எங்க டிபார்ட்மெண்டுல வழக்கம்" என்று சாஸ்திரிகளிடம் சொன்னார். "இவ பொறக்கறப்ப அந்த எடத்துல நான் இல்லை. நீங்களும் இல்லை. இவதான் இருந்தா." பிறகு கடைசி நோட்டில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திருப்பி, மனைவியின் பெயரை எழுதி, எதிரே எண்பது என்று குறித்துக் கையெழுத்தும் போட்டார். பந்தல்காரர் கழியை நட்டார்.

கல்யாணத்தன்று அண்ணி அரக்குப் பட்டுடுத்தி மணையில் நின்றார். நல்ல நேரம் வந்ததும் சாஸ்திரிகள் கையைக் காட்ட, கெட்டிமேளம் முழங்கியது. லஸ்கர் தாலிச்சரட்டை மனைவியின் கழுத்தைச் சுற்றிக் கொண்டுபோனார். பெண்களில் ஒருத்தி பழக்கத்தால், தலையக் கொஞ்சம் குனிங்க அத்தை என்றாள். அண்ணி குனியவில்லை.

அவர் பார்க்கத் தொடங்கினார். ஓரப் பார்வை இல்லாததால் ஒவ்வொரு முகத்துக்கும் தலையை முழுவதும் திருப்ப வேண்டியிருந்தது. இடக்கோடியிலிருந்து ஆரம்பித்தார். நாற்காலி நாற்காலியாக வந்தார். பார்த்தவர்களின் பெயரைத் தமக்குள் சொல்லிக்கொண்டார். "சின்னவன். அவன் பொண்டாட்டி. தபால்கார வீட்டுப் பொண்ணு, நரைச்சுப்போச்சே. திருப்பனந்தாள் கொழுந்தனாரு. ஏன் அழுவறாரு?" முதல் வரிசை முடிந்து இரண்டாம் வரிசைக்குப் போனார். கெட்டிமேளம் சில விநாடிகளில் முடியவேண்டிய வாசிப்பு. தாலி ஏறாததால் நிறுத்த முடியாமல் நாதசுரக்காரர் கன்னம் சிவக்க ஊதிக்கொண்டே இருந்தார். தவில்காரரின் நெற்றியிலிருந்து வியர்வை தவில் தோலில் சொட்டியது. அட்சதையை உயர்த்தியவர்கள் கையை இறக்கவும் முடியாமல் போடவும் முடியாமல் நின்றார்கள். எனக்கு முழங்கை வலித்தது.

"நேரம் தாண்டறது" என்றார் சாஸ்திரிகள்.

"தாண்டட்டும்" என்றார் லஸ்கர். சரட்டின் இரு முனைகளையும் பிடித்தபடி அசையாமல் நின்றார். பிறகு மனைவியின் காதருகே குனிந்து, "முடிச்சுப் போடவா?" என்று கேட்டார்.

"இருங்க. சமையக்கட்டுப் பக்கம் இன்னும் பாக்கலை" என்றார் அண்ணி.